நோபேட்டின் நாலாவது ஃபான்

கொட்டாஞ்சேனையில் கொம்பியூட்டர் திருத்தும் கடை இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. நோபேட் குடியிருந்த ஒழுங்கையின் வாசலிலேயே ஒன்று, தேவாலயத்துக்குப் போகும் வழியில் இன்னொன்று. ஆனாலும் அந்த மனிதன் தன் கொம்பியூட்டர்ப் பெட்டியைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டோ பிடித்து, மூன்று செக் பொயின்ற் தாண்டி, வெள்ளவத்தையில் மக்கீன் நானாவின் கடைக்குத்தான் போவான். அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஆட்கள் குளிக்கப் போன காலம். வயர் தொங்கும் இரும்புப் பெட்டியோடு ஒரு தமிழ்ப் பெடியன் காலி வீதியில் திரிவதென்றால், ஒன்று அவனுக்கு மூளை கலங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காதல் பிடித்திருக்க வேண்டும். நோபேட்டுக்கு இரண்டும் சேர்ந்தே பிடித்திருந்தது.

தொழில், கலியாண வீடியோ வெட்டி ஒட்டுவது. கமராக்காரர் கொண்டுவந்து தரும் கசெற்றைக் கொம்பியூட்டரில் ஏற்றி, பாட்டுப் போட்டு, டிவிடியாக்கிக் கொடுப்பான். சண்டையால் வர முடியாத மாமன் மச்சான் எல்லோரும் ரொறன்ரோவில் இருந்துகொண்டு அதைப் போட்டுப் பார்த்து அழுவார்கள். அவனுடைய கொம்பியூட்டர் ஒரு பென்ரியம் நாலு. அது வேலை செய்யும்போது பக்கத்தில் முட்டையை வைத்தால் அவிந்துவிடும். மார்ச் மாதம் ஒருநாள், சரியாகத் தாலி கட்டுகிற இடத்தில், பெட்டியின் பின்பக்க ஃபான் தூசி அடைத்து நின்று, கொம்பியூட்டர் டப்பென்று அணைந்து போனது. அந்தக் கலியாணப் பெண்ணின் தகப்பன் பூபாலசிங்கம்தான் சொன்னார், "மக்கீன்ர கடையில ஒரு பிள்ளை நிக்குது, அதின்ர கையில குடுத்தால் செத்ததும் எழும்பும்" என்று. அந்த மனுசன் வாய் திறந்திருக்காவிட்டால் இந்தக் கதையே இல்லை.

அந்தப் பிள்ளைதான் ஐறீன். கொண்டையில் ஸ்குரூட்ரைவர் செருகியிருந்தாள். பெட்டியைத் திறந்தாள், பழைய ஃபானைக் கழற்றினாள், புதியதைப் பூட்டினாள், எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் நடந்தது. அந்த நேரம் பார்த்து மக்கீன் நானா சாம்பிராணிச் சட்டியோடு கடையைச் சுற்றி வந்தார். காலையில் கடை திறந்ததும் அவர் அதைச் செய்யாமல் விடமாட்டார். ஐறீன் சட்டியை அவர் கையிலிருந்து வாங்கிப் பெட்டிக்கு முன்னால் பிடித்தாள்.

"இஞ்ச பாருங்கோ. முன்பக்கத்தால குளிர்காத்து உள்ள வரவேணும், பின்பக்கத்தால சூட்டுக்காத்து வெளிய போகவேணும். ஃபான்ர விளிம்பில ஒரு அம்புக்குறி இருக்கு. அது காட்டிற பக்கம்தான் காத்துப் போகும். இவ்வளவுதான் விசயம், மிச்சமெல்லாம் வியாபாரம்."

"வியாபாரத்தக் கெடுக்காத புள்ள" என்றார் மக்கீன் நானா.

புகை முன்னால் நுழைந்து பின்னால் கோடு பிடித்தாற்போல வெளியே வந்தது. நோபேட் அந்தப் புகையைப் பார்த்தானா என்றால், சத்தியமாக இல்லை. சட்டி பிடித்த கையைப் பார்த்தான், மணிக்கட்டில் கறுப்பு நூலில் கோர்த்த சின்னச் சிலுவையைப் பார்த்தான். அதோடு ஆள் முடிந்தான்.

வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் இன்னொன்று அவனுக்கு உறைத்தது. ஐறீன் கடைக்கு வருகிற ஆண்கள் அத்தனை பேரையும் அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். தபால்காரர் அண்ணா, தேத்தண்ணி கொண்டுவருகிறவர் அண்ணா, தலையில் ஒரு மயிர்கூட இல்லாத பூபாலசிங்கமும் அண்ணா. தன்னை அவள் "இஞ்ச பாருங்கோ" என்றாள். ஓர் இடத்திலும் அண்ணா வரவில்லை. ஐயோ கடவுளே, மனுசனுக்கு நித்திரை வருமா!

திரும்பிப் போக ஒரு காரணம் வேண்டும். பெட்டியைத் திறந்து கைவைக்கவும் வழியில்லை. ஒவ்வொரு வேலைக்கும் பிறகு மக்கீன் நானா பெட்டியின் ஸ்குரூவுக்கு மேல் ஒரு சின்ன ஸ்ரிக்கர் ஒட்டிவிடுவார். அது கிழிந்தால் வாரன்ரி இல்லை. நோபேட் மூன்று வாரம் மண்டையைப் போட்டு உடைத்தான். கடைசியில் அம்மா பேர்ணடெற் குசினியில் வைத்திருந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, பின்பக்கக் கம்பி வலைக்குள்ளால் மெல்ல நுழைத்தான். ஃபான் கர்ரென்று நின்றது. ஈர்க்கு பட்டென்று முறிந்தது. முறிந்த துண்டு எங்கே போனதென்று அவன் தேடவில்லை, ஓட்டோ தேடப் போய்விட்டான்.

செக் பொயின்றில் ஒரு மீசைக்காரச் சிப்பாய். முதல்முறை அவன் துவக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு, "மே மொகத?" என்றான். இது என்ன என்று. "கொம்பியூட்டர், சேர். ரத் வெலா" என்று, சூடாகிப் போச்சென்பதை நோபேட் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னான். சிப்பாய் பெட்டிக்குள் ரோச் அடித்துப் பார்த்துவிட்டு விட்டான். இரண்டாம் முறை, "ஆயெத்?" மறுபடியுமா என்று கேட்டான். பிறகு அது ஒரு வழக்கமாகிப் போனது. ஓட்டோ நிற்குமுன்னமே அவன் சிரிப்பான்.

ஏப்ரலில் ஐறீன் பெட்டியைத் திறந்து, உள்ளே உற்றுப் பார்த்தாள். "பின்னுக்கு ஒண்டு மட்டும் காணாது. முன்னுக்கும் ஒண்டு போடுவம்" என்றாள். மதர்போர்ட்டில் ஃபான் கொழுவ இரண்டே இடம்தான் இருந்தது. ஒன்று புரொசசரின் சொந்த ஃபானுக்கு, மற்றது பெட்டியின் ஃபானுக்கு. ஆகவே அந்த இரண்டாவது இடத்து வயரை இரண்டாகப் பிரித்து முன்னுக்கும் பின்னுக்கும் கொடுத்தாள். சாம்பிராணி பிடித்துக் காட்டினாள். புகை அழகாய்ப் போனது.

ஜூனில் இன்னோர் ஈர்க்கு. இந்த முறை பெட்டியின் பக்கவாட்டில் மூன்றாவது ஃபான். "இதையும் போர்ட்டில கொழுவினால் எரிஞ்சு போகும்" என்று சொல்லி, பவர் சப்ளையிலிருந்தே வயர் இழுத்தாள். புகை பிடித்துக் காட்டவில்லை. சாம்பிராணி முடிந்துவிட்டதாம். நோபேட் அதைக் கவனித்தானா? அவன் எதைத்தான் கவனித்தான்!

அதற்குப் பிறகு ஒரு புதினம். ஈர்க்குக்கு வேலையே இல்லாமல் போனது. மூன்று ஃபான் சுற்றியும் கொம்பியூட்டர் முன்னைவிட மோசமாகச் சூடேறி நின்றது. அந்தோனியாரே இறங்கி வந்து தனக்கு உதவி செய்கிறார் என்று நோபேட் நினைத்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆலயத்தில் ஒரு கட்டு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தான். ஓகஸ்டில் மக்கீன் நானா பெட்டியின் உச்சியில் வட்டமாகத் துளை வெட்ட, ஐறீன் நாலாவது ஃபானைப் பூட்டினாள். சாம்பிராணி அன்றைக்கும் இல்லை.

"தவ ஃபான் எகக்த, மல்லி?" என்றான் சிப்பாய். இன்னொரு ஃபானா தம்பி என்று. பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தி, "கெல்லெக்த?" என்றான். ஒரு பெட்டையா? நோபேட்டின் காது சிவந்ததைப் பார்த்து அந்த மனிதன் விழுந்து விழுந்து சிரித்தான். கொழும்பில் நோபேட்டின் மனசு தெரிந்த ஒரே ஆள் துவக்கோடு நின்றவன்தான்.

நாலு ஃபானும் முழு வேகத்தில் சுற்றினால் சத்தம் கொஞ்சமா? ஒருநாள் இரவு நோபேட் கொம்பியூட்டரைப் போட்டதும், புலிகளின் பிளேன் வந்துவிட்டதென்று பேர்ணடெற் லைற்றெல்லாம் நூர்த்துவிட்டு, செபமாலையோடு கட்டிலுக்குக் கீழே போய்விட்டாள். அவளைப் பார்த்து முன்வீட்டுக்காரரும் நூர்த்தார்கள். ஒழுங்கை முழுக்க இருட்டு. நோபேட் கொம்பியூட்டரை நிறுத்தியதும் பிளேன் போய்விட்டதென்று எல்லோரும் வெளியே வந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னார்கள். அவனும் அவர்களோடு சேர்ந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான்.

இந்தக் கதையைக் கேட்டு ஐறீன் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செப்டெம்பரில் சீடி போடுகிற இடத்துக்குக் கீழே நாலு குமிழ் வைத்த ஒரு பலகையைப் பூட்டினாள். ஒவ்வொரு குமிழும் ஒவ்வொரு ஃபானுக்கு. திருகினால் வேகம் குறையும், கடைசிவரை திருகினால் நிற்கும். குமிழ்களுக்குக் கீழே தன் கையெழுத்தில் முன், பின், பக்கம், மேல் என்று எழுதி ஒட்டினாள்.

"ஒவ்வொண்டா நிப்பாட்டிப் பாருங்கோ, என்ன?" என்றாள். "ஒவ்வொண்டா. விளங்கிச்சோ?"

"ஓம் மிஸ்" என்றான். என்ன விளங்கியதோ.

அன்றைக்கு, அது செவ்வாய்க்கிழமை, பெட்டியை ஓட்டோவில் ஏற்றிவிட வந்த மக்கீன் நானா காதுக்குள் சொன்னார். "மகன், ஒனக்குத் தெரியுமா, ஞாத்துக்கெழம நம்மட ஐறீனப் பொண்ணு பாக்க வாராங்க. வத்தளப் பக்கத்து ஆக்கள். மாப்புள இத்தாலில ஈக்கிறாராம். கலியாணம் முடிஞ்சா புள்ள போயிரும். ஏண்ட கடைக்கு ஆள் எங்க தேடுற?"

நோபேட்டுக்கு அந்த இடத்திலேயே எல்லாம் இருண்டது. திரும்பும்போது சிப்பாய் என்ன கேட்டான், தான் என்ன சொன்னான், ஒன்றும் நினைவில்லை. ஏழு மாதம்! ஏழு மாதமாக ஒரு சொல் சொல்ல வக்கில்லாமல் ஃபான் வாங்கிக்கொண்டிருந்த தன்னைத் தானே செருப்பால் அடிக்க வேண்டும்போல இருந்தது அவனுக்கு. இத்தாலி எங்கே, கட்டில் விளிம்பில் கொம்பியூட்டர் வைத்துக் கலியாண வீடியோ வெட்டுகிற தான் எங்கே! இனி அந்தக் கடைப் பக்கமே போவதில்லை என்று முடிவெடுத்தான்.

வெள்ளிக்கிழமை காலை கொம்பியூட்டர் மறுபடி நின்றது. மறுநாள் கொடுக்கவேண்டிய டிவிடி பாதியில் கிடந்தது. கடைக்குப் போக மனமில்லை. போனால் அழுதுவிடுவான். கோபத்தோடு ஸ்குரூட்ரைவரை எடுத்து மக்கீன் நானாவின் ஸ்ரிக்கரைக் கீறினான். சரி, வாரன்ரி போகட்டும், எல்லாமே போகிறது.

திறந்து வைத்துப் பார்த்தால் நாலு ஃபானும் சுற்றுகின்றன, எதிலும் பழுது தெரியவில்லை. அப்போதுதான் ஐறீன் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கச் சொன்னது ஞாபகம் வந்தது. வீட்டில் சாம்பிராணி இல்லை. அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தியைக் குறை நினைக்கவேண்டாம் ஐயா என்று சொல்லி எடுத்துவந்தான். மூடிகளைத் திரும்ப அவற்றின் இடத்தில் சாத்தினான். மூன்று குமிழைத் திருகி நிறுத்தி, முன்பக்கத்தை மட்டும் விட்டான். புகை உள்ளே போனது. சரி. பின்பக்கம். புகை வெளியே வந்தது. சரி. பக்கத்து ஃபானை விட்டு ஊதுபத்தியைப் பிடித்தான்.

புகை அவன் முகத்தில் அடித்தது.

இருமிக்கொண்டு மறுபடி பிடித்தான். மறுபடி முகத்தில். உள்ளே போகவேண்டிய காற்றை அந்த ஃபான் பிடுங்கி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. முன்னால் வருகிற குளிர்காற்று புரொசசரைத் தொட முன்னமே பக்கத்தால் போய்விடுகிறது, பிறகு ஏன் சூடாகாது? மூடியைக் கழற்றி விளிம்பைப் பார்த்தான். அம்புக்குறி வெளிப்பக்கம் காட்டியது. ஃபான் தலைகீழாகப் பூட்டப்பட்டிருந்தது.

முதலில், ஐறீனும் பிழை விடுவாளா என்று நினைத்தான். அடுத்த கணம், விடமாட்டாள் என்று நினைத்தான். அம்புக்குறியைத் தனக்குக் காட்டித் தந்ததே அவள். பிறகுதான் முடிந்துபோன சாம்பிராணி நினைவுக்கு வந்தது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். ஊதுபத்தி விரலைச் சுட்டதும் துள்ளி எழுந்தான்.

"அம்மா! நான் வெள்ளவத்தைக்குப் போட்டு வாறன்!"

"சட்டையைப் போட்டுக்கொண்டு போடா!" என்று கத்தினாள் பேர்ணடெற்.

வெள்ளவத்தையில் ஜும்மா நேரம். மக்கீன் நானா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. பெட்டியை அணைத்தபடி நோபேட் குனிந்து உள்ளே போனான். ஐறீன் தனியே இருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன, திரும்பவும் நிண்டிட்டுதோ?"

"மிஸ், பக்கத்து ஃபான் தலைகீழாப் பூட்டியிருக்கு."

ஐறீனின் கை சோற்றில் நின்றது. "ஆர் சொன்னது?"

"புகை சொன்னது."

"ஸ்ரிக்கரைக் கிழிச்சனீங்களோ?"

"ஓம்."

"வாரன்ரி போச்சு."

"போகட்டும். ஏன் தலைகீழாப் பூட்டினீங்கள்? இந்தக் கடையில ஒரு ஃபான் பிழையாப் பூட்டுப்பட்டதெண்டு ஆரும் சொன்னால் நான் அவையோட சண்டைக்குப் போவன். ஒண்டு மட்டும் எப்பிடி..."

"ஒண்டில்ல" என்றாள் ஐறீன். "ரெண்டு. மேல இருக்கிறதும்தான். அதைப் பாக்கேல்லையோ?"

"அதுக்குள்ள ஓடி வந்திட்டன்."

அவள் எழுந்து போய்க் கைகழுவினாள். மேசை லாச்சியைத் திறந்து மிட்டாய் இருந்த ஒரு ரொபி ரின்னை எடுத்து அவன் முன்னால் கவிழ்த்தாள். இரண்டு ஈர்க்குத் துண்டுகள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கடதாசி ஒட்டித் திகதி எழுதியிருந்தது. ஐறீன் எதிலும் ஒழுங்கு.

"இது ஏப்ரல். இது ஜூன். உங்கட வீட்டில விளக்குமாறு மிச்சம் இருக்கோ?"

நோபேட்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் நெஞ்சுக்குள் நாலு ஃபானும் முழு வேகத்தில் சுற்றுவதுபோல ஒரு சந்தோசம். இனி வாயை மூடினால் மனுசனில்லை என்று நினைத்துச் சொல்லிவிட்டான். "ஐறீன், எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. மார்ச்சில இருந்து."

"அது எனக்கு ஏப்ரலிலயே தெரியும்." அவள் கண் கலங்கியிருந்தது, வாயோ சிரித்தது. "ஈர்க்கு வச்சுக்கொண்டு வந்த மனுசன் இண்டைக்குச் சொல்லும், நாளைக்குச் சொல்லும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நீங்கள் ஃபான், ஃபான் எண்டு நிண்டீங்கள். வராமல் விட்டிடுவீங்களோ எண்டு பயத்திலதான் ஒண்டைத் திருப்பிப் பூட்டினனான். எரியாது, நிக்க மட்டும் செய்யும், அது பாத்துத்தான் செய்தனான். பிறகு பெட்டியில ஃபான் வைக்க இடமும் முடிஞ்சுது. என்ன செய்ய? ஒவ்வொண்டா நிப்பாட்டிப் பாத்தாலாவது விளங்குமெண்டு குமிழ் வச்சனான். செவ்வாய்க்கிழமை ரெண்டு தரம் சொன்னனான்!"

"விளங்கேல்ல."

"தெரியும்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்த ஸ்குரூவெல்லாம் உருண்டு விழுந்தது. பிறகு நோபேட்டின் முகம் வாடியது. "ஞாயிற்றுக்கிழமை..."

"அவையள் நாலு மணிக்கு வருகினம்" என்றாள் ஐறீன், அவன் கண்ணைப் பார்த்து. "நீங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மூண்டுக்கு எங்கட வீட்டுக்கு வாங்கோ. பிந்தக் கூடாது. இந்தப் பெட்டியை வீட்டில வச்சிட்டு வாங்கோ."

இதற்குள் மக்கீன் நானா தொப்பியைக் கழற்றிக்கொண்டு குனிந்து உள்ளே வந்தார். "என்ன மகன், ஸ்ரிக்கர் கிழிஞ்சீக்கி!" என்று தொடங்கியவர், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், மேசையில் கிடந்த ஈர்க்கைப் பார்த்தார். "அல்லாவே" என்றார். "ஏண்ட ஃபான் யாவாரம் முடிஞ்சி." ஐறீன் அவர் முன்னாலேயே இரண்டு ஃபானையும் கழற்றிச் சரியாகத் திருப்பிப் பூட்டினாள். சாம்பிராணியும் இருந்தது. முழுசாக ஒரு டப்பா.

டிவிடி சனிக்கிழமை மத்தியானமே முடிந்துவிட்டது. கொம்பியூட்டர் தண்ணீர்ப் பானை போலக் குளிர்ந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு வெள்ளவத்தையில் ஐறீனின் வீட்டுக்கு ஓட்டோ பிடித்தார்கள். பேர்ணடெற் திருநாளுக்கு உடுக்கிற சேலையோடும், மடியில் ஒரு கேக் பெட்டியோடும் இருந்தாள். செக் பொயின்றில் வாகனங்கள் வரிசையாக நின்றன. யாரோ பெரிய ஆள் போகிறாராம், பாதையை மூடப் போகிறார்களாம். நோபேட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு முப்பத்தைந்து. மூடினால் ஒரு மணித்தியாலம் போய்விடும்.

மீசைக்காரன் வந்து எட்டிப் பார்த்தான். அவன் கண் நோபேட்டின் மடியில் பெட்டியைத் தேடியது.

"மெஷின் எக கோ, மல்லி?"

"கெதர" என்றான் நோபேட். வீட்டில்.

சிப்பாய் பேர்ணடெற்றைப் பார்த்தான், சேலையைப் பார்த்தான், கேக் பெட்டியைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. அடையாள அட்டை கேட்கவில்லை. திரும்பி மற்றச் சிப்பாயிடம் ஏதோ கத்தி, மூடவிருந்த தடையைத் தூக்கச் சொல்லி, ஓட்டோவின் கூரையில் ஒரு தட்டுத் தட்டினான். "யன்ன, யன்ன!" போ, போ என்று.

"ஆர் தம்பி அது?" என்றாள் பேர்ணடெற், பயம் தெளியாமல்.

"சிநேகிதன் அம்மா."

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கதவைத் தட்டினார்கள். ஐறீன் திறந்தாள். கொண்டையில் ஸ்குரூட்ரைவருக்குப் பதிலாக மல்லிகைப்பூ. முதலில் அவன் கைகளைப் பார்த்தாள், வெறுங்கைதான் என்று கண்டதும் உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். "அம்மா, நான் சொன்ன ஆக்கள் வந்திட்டினம்."

தாய் வந்து பேர்ணடெற்றைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். தேத்தண்ணி வந்தது, கேக் வெட்டுப்பட்டது. எந்தக் கோயில் பங்கு, எந்த ஊர் என்று தொடங்கி, இரண்டு தாய்மாரும் பத்து நிமிடத்தில் ஏதோ ஒரு வழியில் சொந்தமாகியும் விட்டார்கள். நோபேட் மட்டும் சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நாற்பது. மூன்று ஐம்பது.

"என்ன தம்பி, அவசரமோ?" என்றாள் ஐறீனின் தாய்.

"இல்லை அன்ரி, நாலு மணிக்கு அவையள் வருவினம் எல்லோ..."

"ஆர், வத்தளை ஆக்களோ? அவையளை வரவேண்டாமெண்டு இவள் வெள்ளிக்கிழமையே போன் எடுத்துச் சொல்லிப்போட்டாளே!"

நோபேட் ஐறீனைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப, நாலு மணி எண்டு சொன்னது?"

ஐறீன் கேக் தட்டை அவன் பக்கம் நீட்டினாள்.

"அது நான் தலைகீழாப் பூட்டின மூண்டாவது ஃபான்."